ஊராத்துறையும் உடைந்த மரக்கலமும்

பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை வழியே ஊர்காவற்றுறையை அடைவோர், கரையிற் படகுகள் கட்டுண்டு நிற்பதையும் எதிரே நீர்நடுவிற் கடற்கோட்டையையும் காண்பர். 1658இல் ஒல்லாந்தர் வசமான அக்கோட்டையினும் ஏறத்தாழ ஐந்நூறாண்டு மூத்த சான்று இத்துறைக்கு உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள, முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டே அது. அதில் இவ்விடம் ஊராத்துறை எனப்படுகின்றது.

பரதேசிகள் இத்துறையிலேயே வந்து தங்கல் வேண்டும். அவர்க்குக் காவல் உண்டு என்பது அரசாணை. கலம் உடைந்தால்? யானை குதிரை கொணர்ந்த கலமாயின் பண்டாரத்துக்குக் காற்பங்கு, எஞ்சிய முக்காலும் உடையவனுக்கு; பிற வாணிகக் கலமாயின் சரிபாதி. இவ்வேறுபாடு வெறும் அருளால் எழுந்ததன்று. படைக்கு வேண்டிய குதிரை கடல்வழியே வரல் வேண்டும். (நெடுந்தீவின் மட்டக்குதிரைகள் ஐரோப்பியர் காலத்தன என்பர்.) சிங்கள மன்னனின் ஆணை தமிழிற் பொறிக்கப்பட்டமையால், அதனைப் படிக்கவேண்டிய வணிகர் யாவர் என்பதும் விளங்கும்.

ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதி 1244இற் பொறித்த அபய சாசனமோ, உடைகலச் சரக்கை மன்னர் கவரும் வழக்கையே நீக்கிச் சுங்கத்தோடு அமைந்தது. பராக்கிரமபாகு அத்துணை விட்டுக்கொடுத்தானல்லன். ஆயினும் அவன் முந்திய நூற்றாண்டினன்.