கிரில் அடுப்பு (கரி, கேஸ்)

இறைச்சி, மீன், சோளக்கதிர், கத்தரிக்காய் போன்றவற்றைக் கம்பிவலைமேல் வைத்து, கீழிருந்து எழும் அனலில் நேராகச் சுடும் அடுப்பு. கொல்லைப்புறம், தோட்டம், மொட்டைமாடி ஆகிய திறந்த இடங்களுக்கு உரியது. எரிபொருளைக் கொண்டு கரி அடுப்பு, கேஸ் அடுப்பு என இரு வகைப்படும்.

பழைய செய்திகள்: இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியது சங்க நூலான மலைபடுகடாம். கூத்தருக்கு வழி சொல்லும் இடத்தில், கிடைக்கும் காட்டுப்பன்றியை மூங்கில்கள் உரசிப் பிறந்த தீயில், புகை நாறாதபடி மயிர் போக வதக்கித் தின்னுமாறு அது கூறுகிறது. புகையும் தீயில் சுடக்கூடாது என்பது இம்மாவட்டத்து மலைகளில் அன்றே தெரிந்திருந்தது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த விருந்திலும் கம்பியில் கோத்துச் சுட்ட ஊன் இடம்பெறுகிறது. மூடியுள்ள இன்றைய கரி அடுப்பு மிகப் பிந்தியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் 1952இல் மிதவைக்கான உலோகக் கோளத்தை இரண்டாக்கி வெபர் எனப்படும் மூடி அடுப்பைச் செய்தார். கேஸ் கிரில்லும் இருபதாம் நூற்றாண்டில் தோன்றியதே.

கரி உண்டாகும் முறை: திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் கார்த்திகைத் தீபத்துக்கு மாவளி கட்டிய எவருக்கும் கரியின் தத்துவம் தெரியும். காய்ந்த ஆண்பனையின் பூக்கதிரைக் குழியிலிட்டுக் கொளுத்தி, தீ நன்றாகப் பற்றியதும் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். காற்று கிடைக்காத பூ சாம்பலாகாமல் கரியாக நிற்கும். அதை இடித்துத் துணியில் சுருட்டிப் பனைமட்டைக்குள் வைத்துக் கட்டிச் சுற்றினால் பொறி பறக்கும். மரக்கரியும் இதே முறையில்தான் பிறக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இதற்குக் கரிமூட்டம் என்று பெயர். வெட்டிய சீமைக் கருவேலங்கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, ஈரமண் பூசி, உச்சியில் துளைவிட்டுத் தீ வைப்பர். முதலில் நீராவி கலந்த வெண்புகை வரும். அது மெலிந்து நீலமாகும்போது துளைகளை அடைப்பர். ஆறி முடியும்வரை காவல் இருக்க வேண்டும். மண் ஓரிடத்தில் வெடித்தால் காற்று புகுந்து அடுக்கு முழுவதும் சாம்பலாகிவிடும். நான்கைந்து பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரி கிடைக்கும். இந்தப் புகையில் நின்று வாழும் தொழிலாளரின் பெயர் எந்தக் கரி மூட்டையிலும் அச்சிடப்படுவதில்லை.

சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். 1877இல் விதை தருவிக்கப்பட்டு அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பையில் விதைக்கப்பட்டது. நீர்நிலைகளை அடைத்துக்கொள்ளும் இம்மரத்தை அகற்றுமாறு 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வெட்டி அடுப்பில் எரிப்பதே இம்மரத்துக்குத் தக்க பயன்.

கரியின் வகைகள்: வேரடிக் கட்டையிலிருந்து வரும் தூர்க்கரி கனமானது, நெடுநேரம் அனல் நிற்கும். கிளைகளின் குச்சிக்கரி விரைவில் பற்றி விரைவில் அடங்கும். தூர்க்கரிக்குத் தீமூட்ட உதவும். காங்கயம், பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய்ச் சிரட்டைக் கரி சாம்பல் குறைந்தது, பொறி தெறிக்காதது; கொல்லைப்புறச் சமையலுக்கு இதுவே முதல் தரம். அச்சுக்கரி என்பது தூளை மாவுப்பசையிட்டு அழுத்தியது. 1920களில் ஃபோர்டு நிறுவனம் கார் ஆலையின் மரக்கழிவிலிருந்து இதைப் பெருமளவில் செய்தது. நல்ல கரியைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலிப்பதில் ஈரமோ வேகாத கட்டையோ இருக்கும்.

கேஸ்: சமையல் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. கிலோவுக்கு ஏறத்தாழ 11,000 கிலோகலோரி வெப்பம் தரும். கரி 7,000 அளவில் தரும். ஆயினும் கங்கு தன் அனலைக் கதிராக வீசுவதால் இறைச்சியின் மேற்புறம் சீக்கிரம் சிவந்து மொறுமொறுக்கும். கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாவதால் தோல் சற்றுப் பதமாகவே இருக்கும். கொழுப்பு சொட்டி ஆவியாகும் மணம் இரண்டிலும் உண்டு. கரியின் மணம் கரியில் மட்டுமே.

தேர்வு: நினைத்தவுடன் மூட்டி, திருகைத் திருப்பி அணைக்க வேண்டுவோருக்குக் கேஸ் போதும். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது குற்றம். கடைக்கு உரியது 19 கிலோ வணிக சிலிண்டர். எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையில் தங்கும். சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை உறவினர் கூடிச் சுடும் வீட்டுக்குக் கரியே தகும். தேங்காய்நாரில் மூட்ட வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றினால் கறியில் நாறும். கரிமேல் வெண்சாம்பல் பூக்க அரைமணி நேரம் ஆகும். அதற்கு முன் வலையில் கறியை வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கங்குகளை ஒருபக்கம் ஒதுக்கினால், எலும்புள்ள கோழித்துண்டைச் சூடான பக்கத்தில் சிவக்கவைத்து, மறுபக்கத்தில் மூடிபோட்டு உள்வரை வேகவைக்கலாம். அடைத்த அறைக்குள் கரி மூட்டுவது உயிருக்கே ஆபத்து. அதன் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. மறுநாள்வரை கங்கு சாம்பலுக்குள் உயிரோடு இருக்கும் என்பதால் தண்ணீர் தெளித்தே கொட்ட வேண்டும்.

இன்றைய நிலை: கண்ணாடிப் பெட்டிக்குள் சுழலும் கிரில் சிக்கன் பெரும்பாலும் கேஸிலும் மின்சாரத்திலும் வேகிறது, தந்தூரி அடுப்பிலும் சோளக்கதிர் வண்டியிலும் கரி நீடிக்கிறது.