இழுப்பறையில் இருந்த பூச்சி

கும்பிடுபூச்சியை நாம் அறிவோம். முன்னங்கால்களைக் கூப்பிக்கொண்டு, பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். குச்சிப்பூச்சியோ சுள்ளிபோல் அசையாதிருந்து இலையைத் தின்னும். இவ்விரண்டையும் கலந்தாற்போன்ற ஒரு பூச்சிக்கு 2002ஆம் ஆண்டில்தான் பெயர் கிடைத்தது. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

ஜெர்மனியில் குச்சிப்பூச்சிகளை ஆராய்ந்துவந்த ஒலிவர் சோம்புரோ என்னும் இளைஞரிடம், பால்டிக் கடற்பகுதியைச் சேர்ந்த அம்பர்க் கட்டி ஒன்று வந்தது. அம்பர் என்பது பழங்கால மரங்களில் வடிந்து இறுகிக் கல்லாகிய பிசின். நாலு கோடி ஆண்டுகளுக்கு முன் அதில் சிக்கிய பூச்சி ஒன்று உள்ளே அப்படியே இருந்தது. எந்தக் குடும்பத்திலும் அது அடங்கவில்லை. 2001இல் அவர் அதற்கு ராப்டோபாஸ்மா என்று பெயரிட்டார். அந்த இனம் அழிந்துபோனது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் லண்டன் அருங்காட்சியகத்தில் அதே சாயலில் ஒரு பூச்சி அவருக்குக் காட்டப்பட்டது. அது 1950இல் தங்கனீக்காவில், அதாவது இன்றைய தன்சானியாவில் பிடிபட்டது. பின்னர் பெர்லினில் மற்றொன்று கிடைத்தது. அதன் சீட்டில் இருந்த ஆண்டு 1909; பிடித்த இடம் நமீபியா. அன்று நமீபியா ஜெர்மானியர் வசமும், 1950இல் தங்கனீக்கா ஆங்கிலேயர் வசமும் இருந்தன. ஆப்பிரிக்கப் பூச்சிகள் ஐரோப்பிய இழுப்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்த கதை இதுதான். இடமும் ஆண்டும் குறித்த அந்தச் சிறு சீட்டு மட்டும் இல்லாதிருந்தால், எங்கே போய்த் தேடுவது?

இனி, இது கும்பிடுபூச்சி அன்று என்று எப்படிச் சொன்னார்கள்? கும்பிடுபூச்சிக்கு மார்பின் முதற்பகுதி கழுத்துப்போல் நீண்டிருக்கும். இதற்கு அவ்வாறு நீளவில்லை. கும்பிடுபூச்சி முன்னங்கால் இரண்டால் மட்டும் இரையைப் பற்றும். இதற்கு நடுக்கால்களிலும் முள் உண்டு, நான்கு கால்களாலும் பிடிக்கும். கும்பிடுபூச்சியின் நெற்றியில் மூன்று சிறு கண்கள் உண்டு. இதற்கு அவை இல்லை. ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி, சிறகே கிடையாது. குச்சிப்பூச்சியும் அன்று. குச்சிப்பூச்சியின் மார்பில் முதற்பகுதி சிறியது. இதற்கோ அதுவே பெரியது. அதன் முதுகுத்தகடு அடுத்த தகட்டின்மேல் ஓடு வேய்ந்ததுபோல் சற்றே கவிந்திருக்கிறது. உணவு என்ன? பழைய மாதிரியின் குடலைத் திறந்து பார்த்தார்கள். வேறு பூச்சிகளின் தோல் துணுக்குகள் இருந்தன! உயிருடன் ஒன்றையும் காணாமலே, அது வேட்டையாடும் பூச்சி என்பது தெரிந்தது. நமக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கிளாஸ், சோம்புரோ, கிறிஸ்டென்சன், ஆடிஸ் ஆகிய நால்வரும் 2002 ஏப்ரலில் ‘சயன்ஸ்’ இதழில் இதை வெளியிட்டனர். பேரினத்தின் பெயர் மாண்டோபாஸ்மா. கும்பிடுபூச்சி, குச்சிப்பூச்சி இரண்டின் அறிவியற் பெயர்களையும் சேர்த்துக் கட்டியது. பேரினத்தோடு நில்லாமல், இதற்கென ஒரு புதிய வரிசையையே ஏற்படுத்தினர். வண்டுகளெல்லாம் ஒரு வரிசை, ஈக்களும் கொசுக்களும் ஒரு வரிசை என்றால், அதன் பெருமை விளங்கும். உயிர்வாழும் பூச்சிகளில் இப்படியொரு பெரும்பிரிவு கண்டறியப்பட்டது 1914க்குப் பிறகு அதுவே முதன்முறை.

அதே ஆண்டின் தொடக்கத்தில், நமீபியாவின் பிராண்ட்பெர்க் மலைக்கு ஒரு குழு சென்றது. வறண்ட புல் புதர்களில் அவை உயிரோடு இருந்தன! நடக்கும்போது பாதத்தின் நுனியைத் தூக்கிக் குதிகாலால் நடந்தன. பிறகு தென்னாப்பிரிக்காவிலும் பல வகைகள் அகப்பட்டன. தன்சானியாப் பூச்சி வேறுபட்டது எனக் கண்டு, அதற்குத் தன்சானியோபாஸ்மா என்று தனிப் பேரினம் வகுத்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்டபோது, மாண்டோபாஸ்மாவின் நெருங்கிய உறவு, குளிர் மலைகளில் பனிக்கட்டி ஓரம் திரியும் இன்னொரு சிறகில்லாப் பூச்சி என்று தெரிந்தது. 1914இல் கனடாவிலிருந்து அறிவிக்கப்பட்டது அந்தப் பூச்சியேதான்.