செராயில் விரித்த பந்தி

பழந்தமிழில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்று பொருள். பின்னர் அது வீட்டுக்கு வரும் புதியவரையும், அவருக்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. ஆனால் சாதியச் சமூகத்தின் பந்தியில் புதியவருக்கு இடம் இருந்ததில்லை. யாரோடு உண்ணலாம், யாரோடு மணவுறவு கொள்ளலாம் என்ற இரு விதிகளே சாதியின் வேலியாக நின்றன. அவற்றுள் முதல் விதியை வெளிப்படையாக மீறிய நிகழ்வொன்று 1917இல் இன்றைய கேரளத்தில் நடந்தது. வைக்கம் போராட்டத்தைப் பெரியாரின் வழியே அறிந்த நாம், அதற்கு ஏழாண்டுகள் முந்திய இந்நிகழ்வை அதிகம் பேசுவதில்லை.

அன்றைய கொச்சி சமஸ்தானத்தில், வைப்பின் தீவில் உள்ள சிற்றூர் செராய். நாராயண குருவின் சீடரும் ஈழவ வகுப்பினருமான அய்யப்பன் அவ்வூரினர். 1917 மே 29 அன்று தம் சாதியினர் சிலரை அழைத்து, புலையர் வகுப்புச் சிறுவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணச் செய்தார். அந்நிகழ்வு 'மிஸ்ரபோஜனம்' என்று பெயர் பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈழவர்களும் தீண்டாமைக்கு ஆளானவர்களே. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைகூடப் பல இடங்களில் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஆயினும் தமக்குக் கீழே வைக்கப்பட்ட புலையரைத் தாமும் விலக்கியே வைத்தனர். மேலே நோக்கிச் சமத்துவம் கேட்பவர் கீழே நோக்கி அதைத் தர மறுக்கலாமா என்பதே அய்யப்பன் எழுப்பிய கேள்வி.

அக்கேள்விக்கு அவர் விலை கொடுக்க நேர்ந்தது. உள்ளூர் ஈழவர் சபை அவரைச் சாதிவிலக்கம் செய்தது. 'புலையன் அய்யப்பன்' என்று ஏளனம் செய்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். 'சகோதரன்' என்ற இதழைத் தொடங்கி நடத்தினார். பின்னாளில் அப்பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கலப்பு மணத்திலும் கலந்துண்பதிலும் தவறில்லை என்று நாராயண குரு 1921இல் தம் கைப்பட எழுதித் தந்தார்.

1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் தடைசெய்யப்பட்ட தெருவை நோக்கி முதலில் நடந்தவர்கள் மூவர்: புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்தப் பணிக்கர். இது செராய்ப் பந்தியின் நேர்விளைவு என்று கூறுவது மிகையாகும். எனினும் மூன்று சாதியினர் ஒரே வரிசையில் நடக்கும் மனநிலையைப் பக்குவப்படுத்திய முயற்சிகளுள் செராய்க்கும் ஓர் இடம் உண்டு.

1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனம் அரசுக் கோயில்களின் கதவுகளைத் திறந்தது. கோயில் கதவை ஒரு கையெழுத்தால் திறந்துவிடலாம். வீட்டுப் பந்தியை எந்த ஆணையாலும் திறக்க இயலாது. அதை வீட்டுக்குரியவரே திறந்தாக வேண்டும். நம் ஊர்களிலும் ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் மக்களோடு அமர்ந்து உண்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அப்பந்தியில் உட்கார்ந்ததற்காக எவரும் தம் உறவினரை இழப்பதில்லை. செராயில் இழந்தார்கள். அன்று மாலை அவரவர் வீடு திரும்பியபோது எதிர்கொண்ட மௌனத்தையும் சேர்த்தே அந்த விருந்தின் மதிப்பை நாம் அளக்க வேண்டும்.