நகரும் வானமும் நெடுநேர ஒளிப்படமும்

பூமியின் சுழற்சியால் வானம் மணிக்கு 15 பாகை வீதம் நகர்ந்துகொண்டேயிருக்க, விண்மீனின் மங்கிய ஒளி படத்தகட்டில் மெல்ல மெல்லவே சேர்வதால், தகட்டின் மீது ஒளி விழவிடப்படும் கால அளவாகிய ஒளிபடு நேரத்தை நீட்டுவதே பத்தொன்பதாம் நூற்றாண்டு வானியலாளரின் பெரும் சிக்கலாயிற்று. நேரம் குறைந்தால் எதுவும் பதியவில்லை. கூடினால் புள்ளி கோடாக இழுபட்டது. பிழை எங்கே நேர்ந்தது என்பதோ, தகட்டை இருட்டறையில் கழுவியெடுத்த பின்னரே தெரியவந்தது.

1840இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர், வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி ஒளியுணர்வூட்டும் டாகேர் முறையில், ஏறத்தாழ 20 நிமிடம் ஒளிபடச் செய்து நிலவைப் பதிந்தார். விண்மீன்கள் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. 1850 ஜூலையில் ஹார்வர்டு வானாய்வகத்தின் 15 அங்குலத் தொலைநோக்கியில் வில்லியம் கிரான்ச் பாண்டும் பாஸ்டன் ஒளிப்படக்காரர் ஜான் ஆடம்ஸ் விப்பிளும் அபிஜித் எனப்படும் வேகாவைப் பதிந்தபோதும், தொலைநோக்கியை வானத்தோடு ஒத்துத் திருப்பவேண்டிய கடிகாரப் பொறி சீராக ஓடாமல் துள்ளித் துள்ளி நகர்ந்ததால் நேரத்தை நீட்ட வழியிருக்கவில்லை. பாண்டின் மகன் ஜார்ஜ் 1857இல், வசிட்டன், அருந்ததி என்று தமிழர் சுட்டும் மிசார், ஆல்கர் இணையைப் பதிந்து, ஒளி மிகுந்தாலும் நேரம் கூடினாலும் பதிவின் வட்டம் பெருப்பதைக் கவனித்து, அந்த வட்டத்தை அளந்தே விண்மீனின் ஒளிர்வைக் கணிக்கலாம் என்று கண்டார். குறையாகத் தோன்றியது அளவுகோலாக மாறிய அரிய நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

ஜார்ஜ் பாண்டு கையாண்ட கொலோடியன் தகடு ஈரமாயிருக்கும் வரையில்தான் ஒளியை ஏற்கும் என்பதால், ஏறத்தாழ கால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டியிருந்தது. 1871இல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் முன்வைத்த ஜெலட்டின் உலர்தகடு, அந்தப் பத்தாண்டின் இறுதியில் கடைகளுக்கு வந்ததும் இந்த வரம்பு நீங்கியது. நீங்கியவுடனே, அதுவரை தகட்டின் குறைக்குப் பின்னால் மறைந்திருந்த கடிகாரத்தின் குறைகள் அத்தனையும் வெளிப்பட்டன. ஜான் டிரேப்பரின் மகன் ஹென்றி, 1880 செப்டம்பர் 30 அன்று ஓரையன் நெபுலாவை, அதாவது அவ்விண்மீன் கூட்டத்திலுள்ள ஒளிரும் வளிமுகிலை, 51 நிமிடம் ஒளிபடச் செய்து முதன்முதலாகப் படமாக்கினார். முகில் பதிந்தது, ஆனால் விண்மீன்கள் சிதைந்திருந்தன. பொறியைத் திருத்தித் திருத்தி 1882 மார்ச்சில் அவர் 137 நிமிடத்தை எட்டினார். அதே ஆண்டு நவம்பரில் மறைந்தார். மறு ஜனவரியில் லண்டனை அடுத்த ஈலிங்கில் ஆன்ஸ்லி காமன் 36 அங்குல ஆடியைக் கொண்டு 37 நிமிடத்தில் எடுத்த படத்தில், அதே தொலைநோக்கி வழியே நோக்கிய கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களும் இடம்பெற்றன. எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் கண் ஒளியைச் சேர்த்துவைப்பதில்லை, தகடு சேர்த்துவைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்று வேறில்லை.

எளிய கருவியும் போதும் என்பதைக் காட்டியது ஒரு வால்மீன். 1882ஆம் ஆண்டின் பெரும் வால்மீனை நன்னம்பிக்கை முனையில் டேவிட் கில், உள்ளூர் ஒளிப்படக்காரர் ஒருவரின் உருவப்படக் கேமராவைத் தொலைநோக்கியோடு பிணைத்து எடுத்தபோது, பின்னணியில் எண்ணற்ற விண்மீன்கள் பதிந்திருப்பதைக் கண்டார். வால்மீனைவிட அவையே அவரை ஈர்த்தன. அந்தத் தற்செயலிலிருந்து கிளைத்த தென்வானப் பட்டியலில், வானியலாளர் காப்டெய்ன் தகடுகளை அளந்து தர, 454,875 விண்மீன்கள் இடம்பெற்றன. 1889 முதல் லிக் வானாய்வகத்தில் பால்வீதியைப் படமெடுத்த எட்வர்டு எமர்சன் பர்னார்டு, சிறுவயதிலேயே நாஷ்வில் ஒளிப்படக் கூடமொன்றில் வேலைக்கமர்ந்தவர். உருவப்படக் கூடத்துக்கெனச் செய்யப்பட்ட பழைய வில்லையையே அவரும் பயன்படுத்தி, வழிகாட்டித் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பிகளிலிருந்து ஒரு விண்மீன் விலகாதபடி மணிக்கணக்கில் கண்ணை எடுக்காமல் கையால் திருத்திக்கொண்டிருந்தார். பொறி எவ்வளவு மேம்பட்டும், கடைசித் திருத்தம் கையைச் சார்ந்தே நின்றது.

நேரத்தை இரட்டித்தால் பதிவும் இரட்டிக்கும் என்ற கணக்கும் நெடுநாள் நிலைக்கவில்லை. மங்கிய ஒளியில் நெடுநேரம் கிடக்கும் தகட்டின் திறன் குறைந்துகொண்டே போகும் இயல்பை, வியன்னாவின் குஃப்னர் வானாய்வகத்தில் பணியாற்றிய கார்ல் ஷ்வார்ஸ்சில்டு அந்த நூற்றாண்டின் இறுதியில் அளந்து விதியாக்கினார். அதன் பின் தகட்டையே பக்குவப்படுத்தும் முயற்சிகள் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டில் அதனைச் சூடேற்றுவதும் ஹைட்ரஜன் வளியில் ஊறவைப்பதும் வானாய்வகங்களின் வழக்கமாயின.