விற்காத விளையாட்டும் விழாத மனமும்

பேராக், மஞ்சோங் மாவட்டத்தில் சித்தியவானை அடுத்துள்ள ஆயர் தாவார் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பிழைப்பு என்றால் பால்மரம்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினிக்கு முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தை விட்டுப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் படிக்கப் போனார்கள். அவர்களில் ஒருவன் விடுமுறையில் வீடு திரும்பி, "நான் கணினி விளையாட்டு உருவாக்கப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அது சோறு போடுமா?" என்பதுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பெரிய நிறுவனத்தின் சம்பளமோ முதலீடோ இல்லாமல், ஒருவரோ நாலைந்து பேரோ சேர்ந்து சொந்தமாக விளையாட்டு உருவாக்குவதைச் சுயேச்சைத் தயாரிப்பு என்கிறார்கள். இப்படி வெளிவரும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை போட்ட முதலைக்கூட எடுப்பதில்லை. போதாக்குறைக்கு, முன்பின் தெரியாதவர்களின் ஏச்சும் பேச்சும் வேறு வந்து சேரும். இந்த இரண்டு அடிகளையும் தாங்கியவர்கள் யார், தாங்காமல் போனவர்கள் யார், ஏன் என்பதை வரலாறு தெளிவாகவே காட்டுகிறது.

மலேசியத் தமிழர்களுக்கு இது முற்றிலும் புதிய கதையும் அல்ல. சொந்தக் காசைப் போட்டு நூல் வெளியிடும் நம் எழுத்தாளர்களுக்கு இந்த வலி தெரியும். வெளியீட்டு விழாவன்று மாலையும் பொன்னாடையும் விழும். மறுநாள் விற்காத கட்டுகள் கட்டிலுக்கடியில் போகும். விளையாட்டு உருவாக்குபவருக்கு அந்த விழாவும் இல்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு.

பிளாஸ்டிக் பையில் ஒரு தொடக்கம்

1979-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ரிச்சர்ட் கேரியட் என்ற பள்ளி மாணவர் ஒரு கணினிக் கடையில் வேலை செய்துகொண்டே 'அகலபெத்' என்ற விளையாட்டை எழுதினார். கடை மேலாளரின் யோசனைப்படி சுமார் 200 டாலர் செலவழித்துப் பிரதிகள் எடுத்தார். அம்மா வரைந்த அட்டைப் படத்தையும் நகலெடுத்த குறிப்புத் தாளையும் வட்டுடன் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கடையில் தொங்கவிட்டார்.

விற்றவை மிகச் சிலவே. ஆனால் ஒரு பிரதி கலிபோர்னியாவிலுள்ள வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. அந்த நிறுவனம் வெளியிட்ட பிறகு சுமார் 30,000 பிரதிகள் விற்றன என்பது கேரியட்டே பின்னாளில் சொன்ன கணக்கு. புகழ்பெற்ற 'அல்டிமா' வரிசை அந்தப் பிளாஸ்டிக் பையிலிருந்துதான் பிறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது வெற்றியை அல்ல. அந்தச் சிறு கடையில் பைகள் விற்காமலே கிடந்திருந்தாலும் கேரியட் இழந்திருக்கக்கூடியது 200 டாலர்தான். வீடோ படிப்போ அடகில் இல்லை. தோற்றாலும் அடுத்ததைச் செய்ய முடிந்த நிலையில் அவர் இருந்தார்.

ஒரு மனிதர் சுமந்த பழி

விமர்சனத்தின் வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருபவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. அவர் சுயேச்சைத் தயாரிப்பாளர் அல்லர், அட்டாரி நிறுவன ஊழியர். ஆனால் அந்நாளில் ஒரு விளையாட்டின் நிரலை ஒரே ஆள் எழுதுவது வழக்கம். 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' திரைப்படத்தை விளையாட்டாக்க அவருக்குக் கிடைத்த அவகாசம் ஐந்து வாரம் மட்டுமே. கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டுமென்று நிறுவனம் அவசரப்பட்டது.

இலட்சக்கணக்கில் தயாரித்த பெட்டிகள் தேங்கின. 1983-ல் அட்டாரி தன் விற்காத சரக்கை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊரில் குப்பை மேட்டில் புதைத்தது. அமெரிக்க விளையாட்டுத் தொழிலே அந்த ஆண்டு சரிந்தது. அந்தச் சரிவுக்குச் சந்தையில் குவிந்த மட்டமான சரக்கு, அளவுக்கு மீறிய உற்பத்தி என்று பல காரணங்கள் இருந்தன. ஆனால் பொதுமக்கள் வாயில் பழி முழுதும் 'இ.டி.' மேல், அதாவது ஒரு மனிதர் மேல் விழுந்தது.

வார்ஷா அந்தப் பழியோடு முடங்கிவிடவில்லை. பிற்காலத்தில் முறையாகப் படித்து உரிமம் பெற்று, மனநல ஆலோசகரானார். 2014 ஏப்ரலில் அந்தக் குப்பை மேட்டைத் தோண்டி 'இ.டி.' பெட்டிகளை வெளியே எடுத்தபோது அவரும் அங்கே நின்று பார்த்தார். ஐந்து வார வேலையை வைத்துத் தன் வாழ்நாள் முழுவதையும் எடைபோட அவர் இடம் கொடுக்கவில்லை.

அலமாரி பெருத்தது, இடம் சிறுத்தது

இணையம் வந்த பிறகு கடை அலமாரிக்காகக் கெஞ்ச வேண்டிய நிலை மாறியது. 'ஸ்டீம்' என்ற இணையக் கடை 2017 ஜூன் முதல் 100 டாலர் கட்டணம் செலுத்தும் எவரும் தம் விளையாட்டை விற்பனைக்கு வைக்க வழி செய்தது. கதவு அகலத் திறந்ததும் கூட்டம் அலைமோதியது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஒரு கடையில் 18,000-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளிவந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது!

எனவே ஒரு விளையாட்டு விற்கவில்லை என்றால் அது மோசமான விளையாட்டு என்று பொருளல்ல. யார் கண்ணிலும் படவில்லை என்பதே பல சமயம் உண்மை. ரப்பர் விலை இறங்கியபோது மரம் சீவியவரின் கைத்திறன் குறைந்துவிட்டது என்று தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. விலை வேறு, வேலை வேறு என்று அவர்களுக்குத் தெரியும்.

கடையின் விதிகளும் சில நேரம் சிறியவர்களைக் கடிக்கும். ஸ்டீம் 2015 முதல், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறது. வாங்குபவருக்கு நியாயமான விதி. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் விளையாட்டைச் செய்தவரின் நிலை? முழுவதையும் ஆடிவிட்டுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 'சம்மர் ஆஃப் 58' என்ற சிறிய திகில் விளையாட்டை உருவாக்கியவர் 2021-ல் இதையே காரணமாகச் சொல்லி, காலவரையின்றித் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தார். நல்ல விமர்சனங்கள் வந்திருந்தும் பணம் தங்கவில்லை.

சொல்லடி தாங்காதவர்கள்

விற்பனை நன்றாக இருந்தால் விமர்சனம் வலிக்காது என்பதும் பொய். கனடாவின் பில் ஃபிஷ் ஐந்து ஆண்டுகள் உழைத்து 2012-ல் 'ஃபெஸ்' விளையாட்டை வெளியிட்டார். பாராட்டும் வந்தது, விற்பனையும் வந்தது. அடுத்த பாகத்தையும் அறிவித்தார். 2013 ஜூலையில் டுவிட்டரில் ஒரு விமர்சகருடன் மூண்ட வாய்ச்சண்டை முற்றி, அடுத்த பாகத்தைக் கைவிட்டு விளையாட்டுத் துறையிலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டார்.

நமது பக்கத்து நாடான வியட்நாமில் நடந்தது இன்னும் விசித்திரம். ஹனோய் இளைஞர் டோங் நுயென் 2013-ல் வெளியிட்ட 'ஃபிளாப்பி பேர்ட்' பல மாதங்கள் யாரும் சீண்டாமல் கிடந்தது. 2014 தொடக்கத்தில் திடீரென உலகெங்கும் பரவியது. புகழோடு வசையும் வந்தது. மக்கள் அதற்கு அடிமையாகிறார்கள் என்ற எண்ணமும் அவரை வாட்டியது. தன் எளிய வாழ்க்கை குலைந்துவிட்டதாகச் சொல்லி, பிப்ரவரியில் தன் விளையாட்டைத் தானே கடையிலிருந்து நீக்கினார்.

இவர்களைக் கோழைகள் என்று சொல்வது எளிது. ஆனால் பெரிய நிறுவனத்தில் ஏச்சை வாங்கிக்கொள்ளத் தனிப் பிரிவே இருக்கிறது. சுயேச்சைப் படைப்பாளிக்கு விற்பனையாளர், கணக்காளர், ஏச்சு வாங்குபவர் எல்லாம் அவரேதான். இரவு பன்னிரண்டு மணிக்கு வரும் வசையும் நேராக அவர் கைப்பேசிக்குத்தான் வருகிறது.

வேலையால் பதில் சொன்னவர்கள்

இங்கிலாந்தின் 'ஹலோ கேம்ஸ்' என்ற சிறு குழு 2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை'யை வெளியிட்டது. முன்பு சொன்ன பல அம்சங்கள் அதில் இல்லை. வாங்கியவர்கள் கொதித்தார்கள். இந்த முறை கோபத்தில் நியாயம் இருந்தது. குழு வாதாடவில்லை. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தது. அதே ஆண்டு நவம்பரில் முதல் பெரிய இலவசத் திருத்தம் வந்தது. பலர் சேர்ந்து ஆடும் வசதி 2018-ல் முழுமையாக வந்தது. திருத்தங்கள் ஆண்டுதோறும் தொடர்ந்தன. அன்று திட்டித் தீர்த்த அதே கடையில் 2024-ல் அதன் ஒட்டுமொத்த மதிப்பீடு 'மிக நன்று' என்ற நிலைக்கு ஏறியது.

மூன்று பேர் கொண்ட அமெரிக்கக் குழு 2018-ல் வெளியிட்ட 'அமாங் அஸ்' தொடக்கத்தில் சீந்துவாரின்றி இருந்தது. ஆடியவர்கள் மிகக் குறைவு. ஆனால் அந்தச் சிலர் விடாமல் ஆடினார்கள், அவர்களுக்காகக் குழுவும் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தது. 2020-ல் கொரோனா உலகை வீட்டுக்குள் பூட்டியபோது, அந்தச் செப்டம்பரில் ஒரே நேரத்தில் 30 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதை ஆடினார்கள். கொரோனாவை யாரும் திட்டமிட முடியாது. ஆனால் வாய்ப்பு வந்து கதவைத் தட்டியபோது கடை திறந்திருந்தது.

எல்லாருக்கும் இப்படி விடியும் என்று சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றக் கூடாது. திருந்திய பிறகும் விற்காதவை ஏராளம். தோட்டத்தில் கோப்பையில் உறைந்துபோன கட்டிப்பாலையும், மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலையும் யாரும் வீசியதில்லை. சேர்த்துவைத்துக் குறைந்த விலைக்காவது விற்றார்கள். விற்காத விளையாட்டிலும் அப்படி மிஞ்சுவது உண்டு. எழுதிய நிரல், வரைந்த படம், கற்ற பாடம் எல்லாம் அடுத்த விளையாட்டுக்கு உதவும்; ஒரு நிறுவனத்தில் வேலை கேட்கும்போது காட்டவும் உதவும்.

நம்மவர் கண்ட மேடு பள்ளம்

இந்தியாவின் புனே நகரிலுள்ள 'நாடிங் ஹெட்ஸ்' குழு, இராஜஸ்தான் கட்டடக் கலையின் அழகோடு 'ராஜி' என்ற விளையாட்டை உருவாக்க முனைந்தது. 2017-ல் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டும் முயற்சி தோற்றது. நிறுவனர்களில் ஒருவர் தம் வீட்டையே விற்று வேலையைத் தொடரச் செய்தார். 2020-ல் வெளிவந்தபோது ஓவியத்தையும் இசையையும் புகழ்ந்த விமர்சகர்கள், சண்டைக் காட்சிகள் செம்மையாக இல்லை, கதை பாதியில் அறுந்ததுபோல் முடிகிறது என்றும் எழுதினார்கள். குழு கோபித்துக்கொள்ளவில்லை. 2022-ல் இந்திக் குரலுடன் மேம்படுத்திய பதிப்பைக் கொண்டுவந்தது.

தமிழர்கள் மார்தட்டிக்கொள்ளும் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொரோண்டோவில் அபி என்ற தமிழரின் தலைமையில் 'விசை' என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், தாய் கொடுத்த சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகள், இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைத்துக்கொண்டே மகனோடு மொழி நழுவிப் போகும் வேதனை. இதுதான் விளையாட்டு. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக விளையாட்டாகவும், அமெரிக்காவில் சுயேச்சை விளையாட்டு விழாவின் முதற்பரிசுக்கும் தேர்வானது.

அந்த 'வெண்பா'வுக்கும் குறை சொன்னார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, கொடுத்த காசுக்கு இது போதுமா என்று கேட்டார்கள். இது வசை அல்ல, வாங்குபவரின் கேள்வி. அதைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அதே நேரம், குறுங்கதையை நாவலாக்கச் சொன்னால் அது கெட்டுப்போகும். விமர்சனத்தைக் கேட்டுவிட்டு, ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்வதும் படைப்பாளியின் உரிமைதான்.

மலேசியாவிலும் பாடம் இருக்கிறது. ஜப்பானில் பெரிய விளையாட்டு நிறுவனத்தில் பணியாற்றித் தாயகம் திரும்பிய வான் ஹஸ்மர் தம் உறவினருடன் கோலாலம்பூரில் தொடங்கிய 'மெட்ரோனாமிக்' நிறுவனம், 2020-ல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. இசைக்குப் பாராட்டும், சண்டை முறைக்கும் திரைக் கோணத்துக்கும் குறையும் கலந்தே வந்தன. அடுத்த ஆண்டே புதிய அம்சங்கள் சேர்த்த பதிப்பு வந்தது.

வீட்டில் செய்ய வேண்டியது

இவர்கள் அனைவரிடமிருந்தும் ஆயர் தாவார் பிள்ளை எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விற்பனை சந்தையின் செய்தி, விமர்சனம் வேலையைப் பற்றிய செய்தி. இரண்டுமே ஆளைப் பற்றிய தீர்ப்பு அல்ல. பத்துப் பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்ததாகச் சொன்னால் அந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒருவர் தாயையும் இனத்தையும் இழுத்துத் திட்டினால் படிக்காமல் கடந்துபோக வேண்டும்.

முதல் விளையாட்டுக்கு வீட்டை அடகு வைக்கக் கூடாது. 'ராஜி' குழு துணிந்தது, தப்பியது. அதைப் பார்த்துத் துணிந்து தப்பாதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அமெரிக்காவின் எரிக் பரோன் திரையரங்கில் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே நாலரை ஆண்டுகள் தனியாக உழைத்துத்தான் 2016-ல் 'ஸ்டார்டியூ வேலி'யைக் கொண்டுவந்தார். பகலில் சம்பள வேலை, இரவில் சொந்த வேலை என்பது தோட்டத்தில் ஆடு மாடு வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுக்குப் புதிதல்ல.

பெற்றோரும் "சோறு போடுமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடாமல், "எத்தனை மாதம், எவ்வளவு பணம், விற்காவிட்டால் அடுத்து என்ன?" என்று சேர்த்துக் கேட்கலாம். பதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு மேசையும் கொஞ்ச காலமும் கொடுக்கலாம். விளையாட்டு வெளிவரும் நாளில் உறவினர்கள் இலவசப் பிரதி கேட்காமல் பத்தோ இருபதோ ரிங்கிட் கொடுத்து வாங்கி, கடைசிவரை ஆடிப் பார்த்து, எங்கே சலித்தது என்பதை மறைக்காமல் சொல்லட்டும். முதல் விளையாட்டு செய்பவனுக்கு மாலை பொன்னாடையைவிட அதுதான் தேவை.