முதுகுவலிக்கு யார் பொறுப்பு? ஒரு பென்ஷன் விதியின் கதை

ஆவடி என்றாலே டாங்கிதான் ஞாபகம் வரும். 1961ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்துதான் விஜயந்தா, அஜேயா, அர்ஜுன் எல்லாம் போயின. இந்தப் பதிவு டாங்கியைப் பற்றி அல்ல. அதற்குள் வருடக்கணக்கில் குலுங்கியபடி உட்கார்ந்திருந்தவரின் முதுகெலும்பைப் பற்றி.

குண்டடி பட்டால் தழும்பு இருக்கும், தேதியும் ரெக்கார்டில் இருக்கும். டிஸ்க் தேய்வதற்கு ஏது தேதி? அதனால் மருத்துவக் குழு சுலபமாக எழுதிவிடலாம்: பணியால் வந்ததும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல. இதன் ஆங்கிலச் சுருக்கம் 'நானா'. (தமிழில் படித்தால் சிப்பாயே திருப்பிக் கேட்பது போல இருக்கிறது!) அந்த ஒரு வரி விழுந்தால், ஊனம் 20 சதவீதத்தைத் தாண்டினாலும் ஊன ஓய்வூதியம் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், விதி சிப்பாயின் பக்கம்தான் இருந்தது. 1982ம் வருட விதிகளின்படி, கேட்பவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலனும் அவருக்கே. ஆனால் அது காகிதத்திலேயே தூங்கியது.

தரம்வீர் சிங் என்பவர் 1985ல் சிக்னல் பிரிவில் சேர்ந்தார். 1994ல் வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பீல் தள்ளுபடி. ஹைகோர்ட்டில் முதலில் ஜெயித்து, பிறகு தோற்றார். 2013 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சேரும்போது எழுதிய ரெக்கார்டில் நோய் இல்லை என்றால் அவர் ஆரோக்கியமாகச் சேர்ந்தவர். பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்றால் நிரூபிக்க வேண்டியது அரசு. மருத்துவக் குழுவும் காரணம் எழுத வேண்டும். வெளியேறி 19 வருடம் கழித்து!

அவருக்கு வந்தது முதுகுவலி இல்லைதான். ஆனால் முதுகுவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பிடி கிடையாது. சேரும்போது முதுகெலும்பையும் பார்த்துத்தானே எடுத்தார்கள்?

இப்போது துறைக்குள் அப்பீல் செய்து தோற்றால், 2009ல் தொடங்கிய ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்குச் சென்னையிலும் ஒரு கிளை உண்டு. 2014 தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகு, 20 சதவீதம் என்று எழுதப்பட்டவருக்கும் 50 என்று உயர்த்திக் கணக்கிடும் சலுகை விரிந்தது. மறுபக்கம், 2008லும் 2023லும் விதிகளை மாற்றிவிட்டார்கள். அதனால் உங்கள் தெருவில் யாராவது முன்னாள் ராணுவத்தினர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால், முதலில் அவர் எந்தத் தேதியில் வெளியே வந்தார் என்று கேளுங்கள். அடுத்து, சேர்ந்த அன்று எடுத்த மருத்துவ ரெக்கார்டின் நகல் இருக்கிறதா என்று.