மருதமுனை: எல்லைக்கோடுகளுக்கு நடுவே ஓர் ஊர்

கல்முனைக்கு வடக்கே, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் அமைந்த முஸ்லிம் ஊர் மருதமுனை. தெற்கே தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற பாண்டிருப்பு, வடக்கே பெரியநீலாவணை. அதைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம்.

ஒரு காலத்தில் இந்தக் கரை வழியாக நாட்டு எல்லையே சென்றது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கருணை மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை. கீழைக்கரையில் தனக்கு விசுவாசமான குடிகள் இருப்பது அவனுக்குத் தேவையாகவும் இருந்தது. 1638இல் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. கண்டியோடு செய்த 1766ஆம் ஆண்டு ஒப்பந்தம் தீவைச் சுற்றி ஒரு சிங்கள மைல் அகலக் கரையோரத்தை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தது. அதன்பின் கரை ஓர் அரசுக்கும் உள்நாடு இன்னொரு அரசுக்கும் உரியவையாயின. 1815இல் கண்டி வீழ்ந்ததும் அந்த எல்லை மறைந்தது.

ஊரை நிலைநிறுத்தியது தறி. வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் பெண்கள் நூல் சுற்ற, பாவு ஏற்றப்படும். மிதியைக் காலால் அழுத்தினால் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளியில் ஓடம் குறுக்கே பாயும். மருதமுனைச் சாரனும் சேலையும் தீவெங்கும் போயின. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நெசவாளருக்குக் கைகொடுத்தன. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் மலிவான வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. பல தறிகள் ஓய்ந்தன, சில தாக்குப்பிடித்தன.

1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது மருதமுனை புதிய மாவட்டத்தின் வட ஓரத்தில் விழுந்தது. மாவட்டத் தலைநகர் உள்நாட்டில் சிங்களக் குடியேற்றப் பகுதியில் அமைந்தது. தமிழ் பேசும் கரையோரத்தார் அங்கே கச்சேரிக்கு அலைய வேண்டியதாயிற்று. கல்முனையை மையமாக்கிக் கரையோர மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கையின் வேர் இங்கேதான். உள்ளூராட்சிக் கோடுகளும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மருதமுனை முன்பு கரைவாகு வடக்குக் கிராம சபையில் இருந்தது; 1987இல் கல்முனைப் பிரதேச சபைக்குள் வந்தது; 2001இல் மாநகர சபைக்குள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோர வீடுகளையும் தறிகளையும் வாரிக்கொண்டு போனது. அதன்பின் அரசு கடலோரத்தில் குடியிருக்கக்கூடாத தூரத்தை வரையறுத்தது. முதலில் கிழக்கில் 200 மீற்றர் என்று அறிவிக்கப்பட்டது, பிறகு குறைக்கப்பட்டது. கடலிலிருந்து 65 மீற்றருக்குள் வாழ்ந்த மருதமுனைக் குடும்பங்களுக்கு உட்புறத்தில் வீடுகள் கட்டப்பட்டன. அந்தக் குடியிருப்புக்கு ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.